மேடையில் இன்னொரு ஆள்

சென்னை பஸ் காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தபோது காலை எட்டு மணிகூட ஆகவில்லை. ஆனால் அது அறுபத்தொன்பதாம் வருஷத்துச் சித்திரை வெயில். பஸ் நிலையத்துத் தார் அந்நேரத்துக்கே இளகி, இறங்குகிறவர்களின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அன்று காலையில் மட்டும் அது பதினேழு செருப்புகளை விழுங்கியது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பதினேழாவது, கலைப் பள்ளியின் கடைசி வருஷத் தேர்வுக்கு வெளித் தேர்வாளராக வந்திறங்கிய ராமலிங்கத்தின் இடது கால் செருப்பு.

ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்து, வரவேற்கக் காத்திருந்த கோதண்டபாணி சிரிக்கவில்லை. கோபித்தார். தாரின் மீது கோபித்தார், தார் போட்டவன் மீது கோபித்தார், கூட வந்திருந்த அட்டெண்டர் சிட்டிபாபு செருப்பே இல்லாமல் வந்ததற்காக அவர் மீதும் கோபித்தார்.

கோதண்டபாணியின் கோபம் ஊரறிந்த சொத்து. அதை நெசவுப் பாவாக நீட்டினால் பெரிய காஞ்சிபுரத்தில் தொடங்கிச் சின்னக் காஞ்சிபுரம் வரை போகும். மிச்சத்தை வேகவதிக் கரையில் சுருட்டி வைக்கலாம். அவர் மூக்கு நுனி சிவந்தால் வகுப்பில் பென்சில்கள் தானாக முனை ஒடிந்துகொள்ளும் என்பார்கள் மாணவர்கள். அரசினர் சித்திர வடிவமைப்புப் பள்ளியில் மனித உருவம் வரையச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் அவர். பழைய பிரின்சிபால் ஓய்வு பெற்றுப் போனதால், மூன்று மாதமாகப் பொறுப்பு பிரின்சிபால். அந்தப் ‘பொறுப்பு’ என்ற சொல் பல்லில் மாட்டிய நார் மாதிரி அவரை உறுத்திக்கொண்டிருந்தது. போன வருஷம் மாணவர் வேலைநிறுத்தம் ஒன்று நடந்து பள்ளியின் பெயர் கெட்டிருந்தது. இந்தத் தேர்வு ஒரு சச்சரவும் இல்லாமல் முடிந்து, ராமலிங்கம் நல்லபடியாக அறிக்கை எழுதினால் நாற்காலி நிரந்தரம். இல்லாவிட்டால் சென்னையிலிருந்து வேறொருவர் வந்து அதில் உட்காருவார். துறை இயக்குநர் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

பட்டுப் புடவைக்குக் கரையும் முந்தானையும் வரைய ஆள் வேண்டும் என்று தொடங்கிய பள்ளி அது. மாங்காய் போடுவதற்கு மனுஷன் மூஞ்சி எதற்கு என்று ஊர் கேட்டது. பாடத் திட்டம் எழுதியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே மூன்றாம் வருஷத்தில் எல்லாரும் உட்கார்ந்த மனிதரைப் பார்த்து வரைந்தே தீரவேண்டும். அதற்கான கூடம் ஆற்காட்டு நவாபு காலத்துக் குதிரை லாயம். இன்றைக்கும் பெயர் லாயம்தான். இரண்டு முழக் கனத்துக்குச் சுவர்; உயரத்தில் வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல் வரிசை. வெளியே ஊர் வெந்துகொண்டிருக்கும்போதும் உள்ளே காலை வைத்தால் கணுக்கால் வரை ஜில்லென்று ஏறும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன குதிரைகளின் மூச்சு இன்னும் வெளியேற வழி தெரியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

நடுவில் ஒரு பலகை மேடை. மேடையில் மாடல். சுற்றி வட்டமாக முப்பத்தொரு மாணவர்கள். மாடலாக வருகிறவர் அசையாமல் உட்கார வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆசிரியர் ‘ரெஸ்ட்’ என்பார். மாடல் எழுந்து கையைக் காலை உதறிவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம். உலகத்துக் கலைப் பள்ளிகளிலெல்லாம் உள்ள வழக்கம் இது. கோதண்டபாணியின் வகுப்பில் மட்டும் அந்தச் சொல் அவருக்குச் சொந்தம். வேறு யாரும் வாயில் எடுக்கக் கூடாது.

அன்றைய தேர்வுக்கு மாடல் பழனி. பஸ் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். விசுவாமித்திரருக்கே பொறாமை வரும்படியான தாடி. சொந்த ஆசிரியர் தேர்வுக் கூடத்துக்குள் வரக் கூடாது என்பது விதி. அதனால் கோதண்டபாணி பிரின்சிபால் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். புதுச் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்ட ராமலிங்கம் லாயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒழுங்காக ‘ரெஸ்ட்’ சொன்னார். பத்து மணிக்குத் தொடங்கியது, ஒரு மணிக்கு முடிந்தது. ஒரு தும்மல்கூட இல்லாத தேர்வு.

சிட்டிபாபு தாள்களைச் சுருட்டிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கோதண்டபாணி ஆவலாக முதல் தாளைப் பிரித்தார்.

பழனி இருந்தார். தாடி பிரமாதமாக வந்திருந்தது.

பழனிக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது தாளிலும் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதிலும். மடியில் இரண்டு கைகளையும் கோத்துவைத்து, முதுகை நிமிர்த்தி, வாயை இறுக்கிக்கொண்டு. முப்பத்தொரு தாள்களிலும் இருந்தாள்.

கோதண்டபாணியின் மூக்கு நுனி பழுத்த மிளகாயானது. அவர் தலைக்கு மேலே சுவரில் அதே பெண், அதே இருப்பில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தாள். ‘அமர்ந்த பெண்’. அவரே எட்டு வருஷத்துக்கு முன் வரைந்து, மாநிலக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிய படம். இந்தப் பள்ளியில் சேருகிற ஒவ்வொரு பிள்ளையும் முதல் நாள் அதற்கு முன்னால் நின்று ஆகா என்று சொல்லவேண்டும். ஆக, பயல்கள் கூடிப் பேசிவைத்துக்கொண்டு பதக்கப் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். தேர்வைக் கெடுக்க. நாற்காலியைப் பறிக்க.

முப்பத்தொரு பேரும் அறைக்கு வெளியே வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். அவர் போட்ட சத்தத்தில் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்துப் புறாக்கள் கிளம்பித் திருப்புட்குழி போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி. எல்லாரையும் ஒரு வருஷம் தள்ளிவைக்கிறேன், ஒருத்தனும் டிப்ளமோவைக் கண்ணால் பார்க்க முடியாது, யார் இதற்குத் தலைவன் என்று கேட்டார். கடைசியில் மாகறலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிக்கும் கிருஷ்ணவேணி முன்னால் வந்தாள். வகுப்பிலேயே வரைகிற கை சுத்தமான பெண். நாக்கு அதைவிடச் சுத்தம்.

“நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க. எதிர்ல இருக்கிறத வரை, இல்லாதத வரையாதன்னு. ரெண்டு பேர் குந்திக்கினு இருந்தாங்க. ரெண்டு பேரையும் வரைஞ்சோம்.”

பழனியைக் கூப்பிட்டு விசாரித்தார். மேடையில் தான் மட்டும்தான் இருந்ததாகப் பழனி அடித்துச் சொன்னார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டே, பக்கத்தில் மட்டும் பாவுக் கஞ்சி புளித்த மாதிரி வாடை அடித்துக்கொண்டே இருந்தது, நெசவுத் தெருவிலிருந்து காற்று வருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன் என்றார்.

அன்றைக்கு ஊரில் காற்றே இல்லை.

ராமலிங்கம் இதற்குள் தாள்களைக் கூடத்துத் தரையில் பரப்பிவிட்டார். யார் எங்கே உட்கார்ந்து வரைந்தார்களோ அந்த வரிசைப்படியே வட்டமாக. சாதுவான மனிதர். ஆனால் எதைப் பார்த்தாலும் கையை நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்துவிடுவார். அப்படி அளந்து அளந்தே அவருடைய இடது கண் வலது கண்ணைவிடச் சின்னதாகிவிட்டது. வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தார். மறுபடி சுற்றினார். பிறகு கோதண்டபாணியைத் தனியாக அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இது காப்பி இல்லீங்க. உங்க படத்துல அந்தம்மா முகம் முன்பக்கம்தான் தெரியுது. இங்க ஒவ்வொருத்தனும் அவன் இடத்துலேருந்து என்ன தெரியுமோ அதைப் போட்டிருக்கான். இடது பக்கம், வலது பக்கம், முதுகு. ஒண்ணோடொண்ணு சேர்த்தா இம்மி பிசகாம பொருந்துது. எதிர்ல ஆள் இல்லாம இதைப் போட முடியாது.”

முதுகுப் பக்கமிருந்து வரைந்தவள் கிருஷ்ணவேணி. கோதண்டபாணி அந்தத் தாளைக் குனிந்து பார்த்தார். வாரி முடிந்த கொண்டை. கழுத்தெலும்பு. ரவிக்கையின் முதுகில் ஒரு கிழிசல். தைக்க நேரமில்லாமல் அதில் குத்தியிருந்த ஊக்கு.

அவர் முதுகில் யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி இருந்தது.

அந்த ஊக்கு அவர் வரைந்த எந்தப் படத்திலும் கிடையாது. அதை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார்.

சுவர் ஓரமாக நின்றிருந்த சிட்டிபாபுவும் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா,” என்றார். தாளைப் பார்த்துத்தான் சொன்னார்.

சிட்டிபாபுவின் அக்கா கங்கையம்மாள். விடியலில் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் பாவுக்குக் கஞ்சி போடும் வேலை. பத்து மணிக்கு மேல் பள்ளியில் மாடல் வேலை. அறுபத்தோராம் வருஷம், இதே சித்திரையில், கோதண்டபாணி வகுப்போடு வகுப்பாகத் தானும் கண்காட்சிக்கு வரைந்துகொண்டிருந்தார். படம் கைகூடி வந்துகொண்டிருந்தது. இருபது நிமிஷம் ஆயிற்று, ‘ரெஸ்ட்’ சொல்லவில்லை. நாற்பது ஆயிற்று. ஒரு மணி நேரம் கழித்து அவள், ஐயா, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது, கொஞ்சம் எழுந்துக்கட்டுமா என்று கேட்டாள். அசையாதே என்றார். அவள் அதன் பிறகு கேட்கவில்லை. அப்புறம் அப்படியொரு அசையாமை. கண் சிமிட்டக்கூட இல்லை. கோதண்டபாணி பூரித்துப்போய், பார்த்துக்கொள்ளுங்கள், மாடல் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று வகுப்புக்கே எடுத்துச் சொன்னார். எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். மணி அடித்ததும் வரைபலகையை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அவளை அழைத்துப்போக வந்த தம்பிதான் தொட்டுப் பார்த்தான். தொட்டதும் அவள் உட்கார்ந்த இருப்பிலேயே, ஒரு பொம்மை சாய்கிற மாதிரி, குப்புறச் சாய்ந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பிவந்த கோதண்டபாணி பார்த்தது, முதுகில் அந்த ஊக்கு.

வெயில் தாக்கிச் செத்தாள் என்று எழுதினார்கள். தம்பிக்கு அட்டெண்டர் வேலை கிடைத்தது. படத்துக்குப் பதக்கம் கிடைத்தது. அபூர்வமான சலனமின்மை என்று பாராட்டுப் பத்திரத்தில் இருந்தது.

இவ்வளவும் நினைவுக்கு வந்தபோது கோதண்டபாணிக்கு என்ன தோன்றியிருக்கவேண்டும்? உங்களுக்கும் எனக்கும் தோன்றுவது அவருக்குத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. செத்த பிறகும் வேலைக்கு இடைஞ்சல் செய்கிறாளே என்ற கோபம்.

ராமலிங்கம் ஒரு வழி சொன்னார். மறுநாள் காலையில் திரும்பத் தேர்வு வைப்போம், தாள்கள் ஒழுங்காக வந்தால் இன்று நடந்தது என் அறிக்கையில் வராது. இல்லாவிட்டால் நான் கண்டதை எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. கோதண்டபாணி ஒப்புக்கொண்டார். ஆனால் மேடையில் உட்கார யார் வருவார்கள்? பழனி, தாடியை வேண்டுமானால் வெட்டிக் கொடுக்கிறேன், அந்தப் பலகையில் மட்டும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் சேதி ஊரைச் சுற்றி, தெருப் பிச்சைக்காரர்கள்கூடப் பள்ளி இருக்கும் பக்கம் போவதை நிறுத்தினார்கள்.

அப்படியானால் நானே உட்காருகிறேன் என்றார் கோதண்டபாணி. எவன் என் பக்கத்தில் இன்னொருத்தியை வரைகிறான், பார்த்துவிடுகிறேன். மாடலாக வருகிறவர் ஆசிரியர் கணக்கில் வரமாட்டார் என்று ராமலிங்கமும் விதியை வளைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணி. தாம் மேடையேறுவதை வெளியூர்க்காரர் பார்க்க வேண்டாம் என்று, ராமலிங்கத்தைக் கோயில் இட்லி சாப்பிட அனுப்பிவைத்தார். வாசலில் சிட்டிபாபு. மேடையில் நாற்காலி போட்டு, வேட்டியை இழுத்துவிட்டு, கைகளைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்தார். எப்போதும் போலச் சொன்னார்:

“நான் சொன்னாத்தான் ரெஸ்ட். நடுவுல எவனாவது வாயத் தொறந்தான், டிப்ளமோவ மறந்துட வேண்டியதுதான்.”

முப்பத்தொரு கரித்துண்டுகள் தாளில் உரசத் தொடங்கின. நெல்லுக் குதிருக்குள் எலிகள் நடமாடுகிற மாதிரி ஒரு சத்தம். உயரத்து ஜன்னலிலிருந்து சாம்பல் நிற வெளிச்சம் இறங்கி, அவர் தோளில் உட்கார்ந்தது. பத்து நிமிஷம் கழிந்தது. முதுகுத் தண்டில் ஒரு குடைச்சல். பதினைந்து. வலது பாதம் மரத்தது. இருபதாவது நிமிஷம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இதில் ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை என்று, ரெஸ்ட் சொல்ல வாயெடுத்தார்.

வாய் எழவில்லை.

நாக்கு கிடந்த இடத்திலேயே கிடந்தது. விரலை அசைத்துப் பார்த்தார். விரல் அவருடையதாக இல்லை.

புளித்த கஞ்சி வாடை.

முதலில் லேசாக. பிறகு, நனைந்த பாவு நூலை மூக்கின் மேல் போட்ட மாதிரி. இடது காதுக்குப் பக்கத்தில், மிகவும் பக்கத்தில், யாரோ மூச்சு விடுவதற்குத் தயாராகி, விடாமல் வைத்திருந்தார்கள்.

“அசையாத.”

அவர் சொன்னதைப் போலவே சொன்னாள். அதே அலுப்பு. அதே அவசரம்.

அவருக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்று லாயத்தின் ஓடுகள் பறக்கக் கத்தவேண்டும்போல் வந்தது. அந்தக் கோபம் நெஞ்சுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. போக வழியில்லை. நாற்பது நிமிஷம். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. இமையை மூட முடியவில்லை. எதிரே முப்பத்தொரு ஜோடிக் கண்கள் நிமிர்ந்து பார்த்தன, தாளுக்குக் குனிந்தன, மறுபடி நிமிர்ந்தன. ஒரு கண்ணிலாவது, இந்த மனுஷன் ஏதோ அவஸ்தைப்படுகிறான் என்ற நினைப்பு தெரிகிறதா என்று தேடினார். இல்லை. அசையாமல் இருக்கிறாரே, வரைய வசதியாக இருக்கிறதே என்றுதான் இருந்தது. அவர் கற்றுக்கொடுத்த கண்கள் அவை.

ஒரு மணி நேரம் ஆனபோது அந்தக் கண்கள் அவரை விட்டு நகர்ந்தன.

எல்லாம் ஒன்றாக நகர்ந்தன. அவருடைய இடது தோளுக்கு. பிறகு மேடை விளிம்புக்கு. பிறகு தரைக்கு.

பலகை ஒருமுறை முனகியது.

யாரோ மேடையிலிருந்து இறங்கியிருந்தார்கள். முப்பத்தொரு தலைகளும் மெல்லத் திரும்பின, நடந்து போகிற ஒருவரைப் பார்ப்பது போல. ஒவ்வொரு மாணவனும் தன் முறை வரும்போது தலையைக் குனிந்துகொண்டு, வரைபலகையைச் சற்றே சாய்த்துக் காட்டினான். அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனாள். எத்தனையோ வருஷம் அந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறாள். இறங்கிவந்து படத்தைப் பார்க்க ஒருநாளும் அவளை யாரும் அழைத்ததில்லை.

தலைகள் கிருஷ்ணவேணியிடம் வந்து நின்றன. அங்கேயே நின்றன.

கிருஷ்ணவேணி பக்கவாட்டில் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். முதல் தடவையாக, வரைவதற்காக இல்லாமல் பார்த்தாள். கரித்துண்டைக் கீழே வைத்தாள். அவள் எழுந்து நின்றபோது கால் முட்டி பலகையில் இடித்தது.

“ரெஸ்ட்,” என்றாள்.

கோதண்டபாணி நாற்காலியோடு பக்கவாட்டில் விழுந்தார்.

சிட்டிபாபு ஓடிவந்து தூக்கினார். தண்ணீர் கொடுத்தார். தொண்டை நனைந்து நாக்குத் திரும்பியதும், அந்த மகராசன் பேசிய முதல் பேச்சைக் கேளுங்கள்:

“யாரு உன்ன சொல்லச் சொன்னது?”

அதற்குப் பதிலைச் சிட்டிபாபு சொன்னார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“ஒரு வார்த்தை சார். அன்னிக்கி இந்த ரூம்ல நாப்பது பேர் இருந்தீங்க. ஒருத்தர் சொல்லியிருந்தா எங்க அக்கா எழுந்திருக்கும். நீ சொல்லல. அவங்களையும் சொல்ல உடல.”

‘நீ’ என்றதை யாரும் திருத்தவில்லை.

பயம் அப்போதுதான் கோதண்டபாணிக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. சிட்டிபாபுவும் மாணவர்களும் கேட்டதையெல்லாம் அங்கேயே ஒரு தாளில் எழுதினார். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மாடலுக்கு ஓய்வு தரவேண்டும். கூடத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் ரெஸ்ட் சொல்லலாம். ‘அமர்ந்த பெண்’ படத்தின் கீழே கங்கையம்மாள் என்று பெயர் எழுதவேண்டும். அடியில் கையெழுத்து: பொறுப்பு பிரின்சிபால். கிருஷ்ணவேணி அதைக் கொண்டுபோய் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள்.

ராமலிங்கம் வாயெல்லாம் மிளகு வாசனையோடு திரும்பிவந்தார். முப்பத்தொரு தாள்களையும் அளந்தார். பெண் யாரும் இல்லை. நாற்காலியும் கோதண்டபாணியும் மட்டும். மூக்கின் மேலிருந்த பரு வரைக்கும் உரித்துவைத்த மாதிரி இருந்தது. எல்லாருக்கும் முதல் வகுப்பு போட்டார். சென்னை பஸ் பிடிக்கும் அவசரத்தில் புறப்பட்டவர், வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

“எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் புரியல. உட்கார்ந்திருக்கிற ஆளைப் பொணம் மாதிரி போட்டிருக்காங்களே, முப்பத்தொரு பேரும். நீங்க அப்படி எதாவது சொல்லிக் குடுத்தீங்களா?”

ஆடி மாதம் உத்தரவு வந்தது. கோதண்டபாணி பிரின்சிபால். பொறுப்பு போயிற்று, நாற்காலி நின்றது. மூன்று மாதத்தில் பயமும் ஆறிப்போயிருந்தது. அன்று வெயிலில் மயக்கம் வந்தது, பிள்ளைகள் மிரட்டி எழுதி வாங்கிவிட்டார்கள் என்று அவரே தனக்குச் சொல்லி, நம்பவும் தொடங்கியிருந்தார். உத்தரவைப் படித்து முடித்த கையோடு நேரே அறிவிப்புப் பலகைக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்தார். டிப்ளமோ வாங்க வந்திருந்த கிருஷ்ணவேணி எதிரே வந்து நின்று, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களே சார் என்று கேட்டாள்.

“அது பொறுப்பு பிரின்சிபால் போட்ட கையெழுத்து,” என்றார். “நான் இப்ப பிரின்சிபால். மாடலுக்கு ஏதும்மா பேரு?”

சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்தார். அவர் சிரித்து அந்தப் பள்ளி பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று மாலை நாலு மணிக்கு வேப்பமரத்தடியில் வகுப்புப் படம் எடுக்க ஏற்பாடு. நடு நாற்காலியில் புதுப் பிரின்சிபால், ஜரிகைத் துண்டோடு. பின்னால் மூன்று வரிசையாக முப்பத்தொரு பேர். ஓரத்தில் சிட்டிபாபு. போட்டோக்காரர் தணிகாசலம் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, கையை வெளியே நீட்டி ஆட்களை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். அவருக்குப் பள்ளிக் கதை எதுவும் தெரியாது.

“சாருக்குப் பின்னாடி நிக்கிற அம்மா,” என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது, “சார் தோள் மேல கை வெக்காதம்மா. எடு.”

பிரின்சிபாலுக்கு நேர் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.

கிருஷ்ணவேணி திரும்பிப் பார்க்கவில்லை. புளித்த கஞ்சி வாடையை அவள் மூக்கு சொல்லிவிட்டது.

தணிகாசலம் வெளியே தலையை நீட்டி, மரத்தடியைக் குழப்பமாகப் பார்த்துவிட்டு, துணிக்குள் மறுபடி போனார். சரி, இருக்கட்டும் என்று முணுமுணுத்தார். பிறகு, எல்லாரும் ஏன் இப்படி ஆடுகிறீர்கள், சாரைப் பாருங்கள், என்னமாய் உட்கார்ந்திருக்கிறார், அப்படி இருக்கவேண்டும் என்றார். காமிரா மூடியை எடுத்தார். எண்ணினார். மூடியைப் போட்டார்.

“ஆச்சு, எழுந்துக்கலாம்.”

எல்லாரும் கலைந்தார்கள். நடு நாற்காலி கலையவில்லை.

கிருஷ்ணவேணிதான் முதலில் ரெஸ்ட் என்றாள். உரக்கச் சொன்னாள். பிறகு இரண்டு பேர் சொன்னார்கள், பத்துப் பேர் சொன்னார்கள். முப்பத்தொரு குரல் சேர்ந்து, பள்ளிக்கூடச் சுவர் அதிர, ரெஸ்ட் ரெஸ்ட் என்று கத்தியது. கடைசியில் சிட்டிபாபுவும் சொன்னார். அவருக்கு அதைச் சொல்ல எத்தனை கஷ்டமாக இருந்தது என்பதை அவர் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை.

சிட்டிபாபு போய்த் தொட்டார். பிரின்சிபால் உட்கார்ந்த இருப்பிலேயே குப்புறச் சாய்ந்தார்.

வெயில் தாக்கிச் செத்தார் என்று எழுதினார்கள். ஆடிக் கடைசி அது, வானம் முழுக்க மேகம்.

அடுத்த வருஷம் குமாரவேல் என்று ஓர் இளம் ஆசிரியர் வந்தார். நல்ல மனிதர். லாயத்தில் முதல் வகுப்பன்றே கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு, இருபதாவது நிமிஷம் வினாடி பிசகாமல் ரெஸ்ட் சொன்னார். மாடலாக வந்திருந்த பெரியவர் இறங்கினார், நெட்டி முறித்தார், தண்ணீர் குடிக்க வெளியே போனார்.

மாணவர்கள் யாரும் கரித்துண்டைக் கீழே வைக்கவில்லை. காலி மேடையைப் பார்த்தபடியே இருந்தார்கள். ஏன் என்று குமாரவேல் கேட்டார். முன்வரிசையில் காந்தா என்று ஒரு பெண். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி, மூன்றாம் வருஷத்தில் புதிதாகச் சேர்ந்தவள். இந்த ஊரில் ஒருவரையும் அறியாதவள்.

“அந்த சாருக்கும் ரெஸ்ட் குடுங்க சார்,” என்றாள். “ஜரிகத் துண்டு போட்டுக்கினு குந்திக்கினு இருக்கிறாரே, அவருக்கு. நாங்க வந்ததுலேருந்து அசையவே இல்ல. வேர்த்து ஊத்துது, கண்ணக்கூட மூட மாட்டேங்கிறாரு.”

குமாரவேலுக்கு மேடையில் ஒரு நாற்காலிதான் தெரிந்தது. இருந்தாலும் நல்ல மனிதர் அல்லவா, அதைப் பார்த்து மெல்ல, ரெஸ்ட் என்றார்.

காந்தா சற்று நேரம் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

“பின்னாடி நிக்கிற அம்மா வேணாங்குது சார்.”